உப்புக் குறையக் குறைய

எங்கள் பேராசிரியர் வெள்ளைக்காரருடன் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசுவார். தமிழைத் திட்டுவதற்கென்று வைத்திருந்தார். ரொறன்ரோவில் இருந்த அந்த ஆய்வுகூடத்தில் அது விளங்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பெண்ணான நானும், மன்னாரிலிருந்து படிக்க வந்திருந்த, மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்க அண்ணையும். திட்டில் பெரும்பங்கு அண்ணைக்குத்தான்.

உப்புக் கரைசலில் மின்னைப் பாய்ச்சி, அயன்கள் எனும் ஏற்றமுள்ள துகள்கள் எவ்வளவு இலகுவாக நகர்கின்றன என்பதை நாங்கள் அளந்தோம். கரைந்த உப்பு நேரேற்றமும் மறையேற்றமுமாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு அயனையும் எதிர் ஏற்றமுள்ள கூட்டமொன்று மொய்த்திருக்கும். அது ஒரு பக்கம் போக வெளிக்கிட்டால், பின்தங்கிய கூட்டம் பிடித்து இழுக்கும். ஸ்காபரோ கலியாண மண்டபத்தில் கார்ச் சாவியை எடுத்தவரை “என்ன அவசரம், இருங்கோவன்” என்று மறிப்பார்களே, அதே சங்கதிதான். உப்புக் குறையக் குறைய இழுவையும் குறையும். கோட்பாட்டின்படி, மிகக் குறைந்த உப்பில் எங்கள் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழவேண்டும்.

அந்த மிகக் குறைந்த உப்பு அண்ணையின் பங்கு. காலையில் அவர் அளப்பார். உப்புக் கூடிய கரைசல்களை நான் பின்னேரத்தில் அளப்பேன். என் அளவுகள் ஒழுங்காக வந்தன. அவருடைய புள்ளிகள் கோட்டை விட்டு மேலே ஏறின. எங்கிருந்தோ வேண்டாத அயன்கள் உள்ளே வருகின்றன என்று அர்த்தம். கோடு வந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் அவர் கூப்பிடலாம். விசாவோ பேராசிரியரின் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் விட்பியிலிருந்து கார் ஓட்டி வருவார். நெற்றி நிறையத் திருநீற்றுப் பட்டை. குளிர்க்கோட்டைக் கழற்றியதும் கழற்றாததுமாக, திறந்திருக்கும் கண்ணாடிக் கலத்தின் மேல் குனிந்து, மின்வாயில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். குற்றம் கண்டுபிடிக்காமல் அவருக்குக் காலைக் கோப்பி இறங்காது.

“கலத்தை எத்தினைதரம் கழுவினனீ?” என்று ஒருநாள் கேட்டார்.

“நாலுதரம் சேர். வடிச்ச தண்ணியில.”

“மீன் அளைஞ்ச கை. எத்தினைதரம் கழுவினாலும் உப்புத்தான் மிஞ்சும். எங்கையாவது போய்க் கோப்பை கழுவு, அதுக்குத்தான் நீ சரி.”

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் வெளியே பனி எப்படி என்று சிரித்தபடி விசாரித்தார். அண்ணை கலத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கழுவப் போனார். அந்தத் தவணையோடு அவருக்கு உதவிப்பணம் நின்றது. கையொப்பமும் கிடைக்கவில்லை.

அண்ணை போனபின் காலை வேலை என் தலையில் விழுந்தது. என் புள்ளிகளும் ஏறின, அண்ணையுடையதைப் போலவே. பேராசிரியரிடம் காட்டினேன்.

“கருவியில ஏதோ பிழை போல, பிள்ளை” என்றார்.

அண்ணைக்குக் கை பிழை. எனக்குக் கருவி பிழை. அன்றைக்கு எனக்கு அந்த மனிதனில் வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை.

சில நாள் கழித்து, பேராசிரியர் கலத்தின் மேல் குனிந்து நின்றபோது நான் பக்கத்தில் நின்றேன். கார் ஹீற்றரில் காய்ந்து பொருக்காகியிருந்த பட்டை, அவர் புருவத்தைச் சுருக்கியதும் உதிர்ந்தது. வெள்ளைத் துகளொன்று கலத்துக்குள் விழுந்தது. கருவியின் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. உப்புக் கூடிய கரைசலில் இதெல்லாம் ஒரு பொருட்டேயில்லை. கிட்டத்தட்ட வெறும் தண்ணீராக இருப்பதில் ஒரு துகள் போதும்.

“சேர், உங்கட நெத்தியில இருந்து திருநீறு கொட்டுது” என்றேன்.

அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிசுக் கடதாசி ஒன்றை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அதன்பிறகு வெறும் நெற்றியோடுதான் ஆய்வுகூடத்துக்குள் வந்தார். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் கோடு வந்தது. அண்ணையைத் திருப்பிக் கூப்பிடுவார் என்று நம்பினேன். நான் ஒரு மடைச்சி!

துறைக் கருத்தரங்கில் அந்தக் கோட்டைத் திரையில் போட்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: கவனமில்லாத மாணவர் ஒருவர் இருந்தார், அவர் போனபின் அளவுகள் கோட்பாட்டோடு ஒத்துவருகின்றன.

நான் எழுந்து, காரணம் அவரல்ல, திருநீறு என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அது சாம்பல், நெற்றியில் பூசுவது என்று விளக்கினேன். ஒருவர், அது தோல் வருத்தத்துக்கான மருந்தா என்று கேட்டார். சபை சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். சிரிப்பு மாறாமலே என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“இரு பிள்ளை. அவனோட உனக்கு அப்பிடியென்ன?”

பிறகு எனக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். ரெக்ஸ்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் வேலை என்றார்.

“என்ன வேலை அண்ணை?”

“கோப்பை கழுவுறன். சேர் சொன்னது பலிச்சிட்டுது.” சிரித்தார். “கோடு வந்திட்டுதோ?”

“ஓம் அண்ணை. உங்களில பிழையில்லை. சேரின்ர திருநீறுதான் கலத்துக்குள்ள விழுந்திருக்கு. நான் சொன்னாப்பிறகு துடைச்சிட்டு வாறார்.”

அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டும் சத்தம் கேட்டது.

“தெரியும் தங்கச்சி. முதல் மாசமே நான் கண்டனான்.”

“தெரியுமோ! பிறகேன் சொல்லேல்லை?” கத்தியே விட்டேன்.

“கத்தோலிக்க வேதக்காரன் ஒருத்தன் போய், சேர் உங்கட திருநீற்றைத் துடையுங்கோ எண்டு சொல்லுறதோ? நான் சொல்லியிருந்தா அண்டைக்கே கலைச்சிருப்பார். நீர் சைவப்பிள்ளை. அதால துடைச்சவர்.”

பின்னால் யாரோ ஆங்கிலத்தில் அவரை அதட்டினார்கள். “வாறன்” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.