ஸ்டிக்கருக்கு அடியில் இரண்டு வரி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நூறடி ரோட்டில் ஃப்ரைடு ரைஸ் வண்டி போட்டிருக்கும் ஜமால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், பாக்கெட்டோட பின்பக்கம் படிச்சீகளா?"

முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. கேட்டவுடன் கடைக்காரர்கள் எச்சில் விழுங்குவார்கள். அன்றைக்கு நான் விழுங்கினேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – நான் ஓய்வு பெற்ற ஃபுட் இன்ஸ்பெக்டர். மாதிரி எடுத்தால் எத்தனை பாகமாகப் பிரிக்க வேண்டும், சீல் எங்கே விழ வேண்டும், சாட்சி எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்... எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லேபிள் எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்த ஆள். இந்த மாவட்டத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் மிகவும் குறைவு. காரணம் உங்களுக்கே புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி கோமதி, தேவகோட்டையில் கணக்கு டீச்சராக இருந்தவள். நான் ஒரு கடைக்குள் போனால் அடுப்படியைப் பார்ப்பேன். அவள் மெனு கார்டைப் பார்ப்பாள். சில்லி பரோட்டா, கோபி மஞ்சூரியன், சிக்கன் 65, எக் ஃப்ரைடு ரைஸ் – இந்த நான்கும் இருந்தால் அது அவளுக்கு நல்ல ஊர்.

"அந்தக் கடைக்கு நோட்டீஸ் குடுக்கப் போறீகன்னா முதல்லயே சொல்லிருங்க. நான் ஒரு பார்சல் வாங்கிட்டு வந்துர்றேன்" என்பாள். விளையாட்டுதான். பாதி.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற எண் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. பிரஷருக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்:

"கிட்னி லேசா சோர்ந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. உப்பப் பாதியாக் குறைங்க. கடைச் சாப்பாட்ட விட்டுருங்க. மூணு மாசம் கழிச்சு இதே டெஸ்ட். அப்பவும் ஏறியிருந்தா மதுரைக்கு எழுதித் தர்றேன்."

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பயப்படாமல் வீடு திரும்பியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோமதி கேட்டாள். "அப்ப சில்லி பரோட்டாவும் கிடையாதா?"

அந்தக் குரலில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். யோசிக்காமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாம் உண்டு. வீட்டுலயே. நல்லதா, சுத்தமா, நானே செஞ்சு தர்றேன்."

எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் – ஃபைல் திறப்பது. திறந்தேன். பண்டத்தின் பெயர், தயாரித்த தேதி, எண்ணெய் மில்லியில், உப்பு கிராமில், உண்டவர் கருத்து. அந்தக் கடைசிக் கட்டத்தை நான் வைத்திருக்கக் கூடாது.

கேழ்வரகு பன்னில் காய்கறி பர்கர் செய்தேன். "ஆஸ்பத்திரித் தலகாணி" என்றாள்.

எண்ணெயே இல்லாமல் ஏர் ஃப்ரையரில் சிக்கன் 65. "பாவங்க, இந்தக் கோழி ரெண்டு தடவ செத்துருக்கு."

கோதுமை மாவில் சில்லி பரோட்டா. "சப்பாத்திக்கு மாறுவேஷம் போட்டுருக்கீக. மூஞ்சி நல்லாத் தெரியுது."

சிரித்தோம். ஆனால் தட்டில் பாதி அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் அவள் கருத்துச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். "வேணாங்க... பசிக்கல." திட்டுகிற மனைவியைச் சமாளிக்க எனக்கு முப்பத்தெட்டு வருஷப் பயிற்சி உண்டு. பசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளுகிறவளை என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் கல்லுக்கட்டிக் கடைவீதியில் ஒரு கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் – 'சோடியம் குறைந்த உப்பு'.

திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இருக்கிறது. பேட்ச் எண் இருக்கிறது. காலாவதித் தேதி இருக்கிறது. கட்டம் கட்டி எச்சரிக்கை வாசகம் – அதுவும் இருக்கிறது. மனசுக்குள் நான்கு டிக். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்ததும், ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் 'திறந்த தேதி' எழுதிப் பின்பக்கம் ஒட்டினேன். எங்கள் வீட்டில் திறந்த தேதி இல்லாத பாக்கெட் அலமாரிக்குள் போக முடியாது. அது என் உத்தரவு.

அன்றைய எக் ஃப்ரைடு ரைஸுக்கு கோமதியின் கருத்து: "இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதவி உயர்வு வந்தபோதுகூடக் கலங்காத கண்.

பாருங்கள், 'குறைந்த' என்பது எவ்வளவு தைரியம் கொடுக்கிற சொல்! குறைந்ததுதானே என்று ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. ஃபைலில் கிராம் கணக்கு எழுதிவந்த கட்டத்தில் 'தேவைக்கேற்ப' என்று எழுத ஆரம்பித்தேன். சர்வீஸில் இருந்தபோது அந்தச் சொல்லை எழுதிய எவரையும் நான் சும்மா விட்டதில்லை.

கூடவே வீட்டில் காய்ச்சிய தக்காளி சாஸ். கோலாவுக்குப் பதில் தினம் ஒரு இளநீர். ஐந்து வாரம் ஓடியது. கோமதி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நான் இந்தப் பத்தியில் ஒரு சமையல் தொடரே எழுதிவிடலாமா என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

"காலு ரெண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனக்குதுங்க" என்றாள் ஒரு நாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள்.

"வயசாகுதுல்ல" என்றேன். எவ்வளவு சுலபமான பதில்!

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். வண்டிக்கடை ஃப்ரைடு ரைஸில் வருகிற அந்தப் புகை வாசனை என்னுடையதில் வரவில்லை. அதைக் கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை ஜமாலிடம் போனேன்.

ஜமாலுக்கும் எனக்கும் பழைய கதை ஒன்று உண்டு. அவர் வண்டியில் இருந்த சாஸ் பாட்டிலில், காலாவதித் தேதியின் மேல் ஒரு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நோட்டீஸ் கொடுத்தேன். "ஒட்டுனது சாஸ் வித்த கடைக்காரக சார், நானில்ல" என்று எவ்வளவோ சொன்னார். "எவன் ஒட்டுனா என்னப்பா? அடியில இருக்கிறது கண்ணுக்குத் தெரியணும்ல?" என்று கேட்டவன் நான்.

"வாங்க சார்! ரிட்டயர் ஆயும் விட மாட்டீக போலயே?"

"சாம்பிள் எடுக்க வரலப்பா. பாடம் கேக்க வந்துருக்கேன்."

சிரித்தார். கடாயைப் புகைய விடச் சொன்னார். சோற்றைப் பயந்து பயந்து கிண்டக் கூடாது என்றார். அவர் கற்றுக்கொடுத்ததோடு நான் வந்திருக்கலாம். வருவேனா? என் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. டாக்டர், கிட்னி, ஃபைல், கடைசியாக அந்த உப்பு – எல்லாவற்றையும் சொன்னேன்.

கரண்டி நின்றது.

"டீச்சரம்மாவுக்கா அந்த உப்பப் போடுறீக? என்னப் பெத்த அத்தாவுக்கும் கிட்னிதான் சார். அந்த உப்ப வீட்டுக்குள்ளயே கொண்டு வரக் கூடாதுன்னுட்டாக டாக்டரு. சோடியத்தக் கொறச்சுட்டு அதுல வேற என்னமோ சேக்குறாகளாம்ல..."

அப்புறம்தான் அந்தக் கேள்வி. பாக்கெட்டோட பின்பக்கம் படிச்சீகளா?

ஸ்கூட்டரை எப்படி வீடுவரை ஓட்டி வந்தேன் என்று தெரியாது. அலமாரியைத் திறந்தேன். பின்பக்கத்தில் எச்சரிக்கையைக் காணோம். என் ஸ்டிக்கர்தான் இருந்தது. அழகான கையெழுத்தில் திறந்த தேதி.

நகத்தால் பிய்த்தேன். அடியில் இருந்த இரண்டு வரியில் பாதி எழுத்து பசையோடு வந்துவிட்டது. மிச்சத்தைப் படிக்க முடிந்தது. '...பொட்டாசியம்... சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி...'

எழுத்தின் உயரம் சரியாகத்தான் இருந்தது. கட்டமும் கட்டியிருந்தார்கள். தயாரித்தவர் மேல் ஒரு குறையும் எழுத முடியாது. மறைத்தது நான்.

இதை யோசித்துப் பார்க்கிறேன். எச்சரிக்கை வாசகம் இருக்கிறதா என்று பார்க்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அது என்ன சொல்கிறது என்று படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் படித்துப் பழகவில்லை. நம்மில் எத்தனை பேர் இப்படி? படிவத்தில் கட்டம் நிரம்பியிருந்தால் போதும் நமக்கு.

டாக்டருக்கு போன் போட்டேன். நான் முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

"அவங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரையே பொட்டாசியத்த உடம்புல நிறுத்தி வைக்கும் சார். அது மேல அந்த உப்பா? இப்பவே கூட்டிட்டு வாங்க. அது கூடிட்டா இதயத் துடிப்பையே பாதிக்கும்."

இந்தத் தடவை 'பயப்பட ஒண்ணுமில்ல' என்று சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வைத்துவிட்டார்.

கோமதி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன்... 'என் கவனக்குறைவால்' என்று ஒன்றுகூட ஆரம்பித்ததில்லை. பாக்கெட்டைக் கையில் கொடுத்துச் சொன்னேன்.

அவள் டிவியை அணைத்தாள். பிறகு மெதுவாக, "நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு நாளா நெஞ்சு நடுவுல ஒரு அடி விட்டு அடிக்கிற மாதிரி இருக்கு. நீங்க பதறுவீகன்னு சொல்லல" என்றாள்.

ஆட்டோவில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். நாடி பார்க்க எனக்குத் தெரியாது. ஆனாலும் எண்ணினேன்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். குழாயில் அவள் பெயர் எழுதிய ஸ்டிக்கரை அந்தப் பெண் ஒட்டியபோது, அதன் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். 'ஒரு மணி நேரம் ஆகும், உக்காருங்க' என்றார்கள். சுவரில் கடிகாரம் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

"ஏங்க, இப்ப யாருக்கு நோட்டீஸ் குடுக்கப் போறீக?" என்றாள் கோமதி.

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாட்சிக் கையெழுத்து வேணும்னா சொல்லுங்க. நான் போடுறேன்."

"கோமதி... சும்மா இரு."

"அஞ்சு வாரம் ஆசையாச் சாப்பிட்டேன்ல. அதையும் அந்த ஃபைல்ல எழுதுங்க." என் கைமேல் கை வைத்தாள். அவள் விரல் சில்லிட்டிருந்தது.

ஐந்துக்குள் நிற்க வேண்டிய பொட்டாசியம் 5.8 என்று வந்தது. ஈசிஜியில் கோளாறு இல்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். கரைத்துக் குடிக்க ஒரு பொடி எழுதினார். அந்த உப்பு நிறுத்தம். இளநீர் நிறுத்தம். தக்காளி சாஸ் நிறுத்தம் – அவற்றிலும் பொட்டாசியம்தானாம். நெஞ்சு மறுபடி தடுமாறினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"கண்டதையும் சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வர்றவங்களத்தான் சார் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். நீங்க நல்லதாவே பார்த்துப் பார்த்துக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

செவ்வாயிலிருந்து வியாழன் வரை நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். அவள் மூச்சை எண்ணியதில் கணக்கு டீச்சரே தோற்றுப்போயிருப்பாள். வியாழக்கிழமை எண் 4.7. கால் கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மூன்று மாத டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாள்காட்டியைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் தேதியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம், டாக்டரிடம் ஒவ்வொரு சாமானாகக் கேட்டுக்கொண்டு, ஜமால் சொன்னபடி கடாயைப் புகைய விட்டு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு எக் ஃப்ரைடு ரைஸ் செய்தேன். உப்பு சாதாரண உப்பு – பழைய அளவில் பாதி, கிராமில் எடை போட்டு. ஃபைலின் கடைசிக் கட்டத்தில் கோமதி அவளே எழுதினாள்: 'சுமார். வாசனை பரவாயில்லை. உண்டவர் நலம்.'

திறந்த தேதி ஸ்டிக்கரை நான் விடவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பாக்கெட்டானாலும் அதை முன்பக்கம் ஒட்டுகிறேன் – அந்தக் கொட்டை எழுத்துகளின் மேல்.