கயிற்றுப் பாலத்துக்காகக் கணபதி வரை

போன தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மீசையைப் பணயம் வைத்துத் தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூர் கணபதி வரை போய்வந்தேன். அங்கே பழைய சித்திரக்கதைகளைக் கண்காட்சியாக வைத்திருப்பதை மருமகள் போனில் காட்டினாள். அதில் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனில் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் மருமகளாலும் படிக்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் அடித்துக் கொடுக்கிறாள். ஆனால் ஒருமுறை பார்த்த படம் எனக்கு மறக்காது.

இளவட்டமாக இருந்தபோது நானும் ஆரோக்கியசாமியும் தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தோம். டீக்கடையில் வடை மடிக்கும் தாள்களுக்கு நடுவே அட்டை கிழிந்த சித்திரக்கதை ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கயிற்றுப் பாலம். அதில் ஒரு பெண் ஓடிவருகிறாள். தலைப்பாகைக்காரன் கத்தியால் கயிற்றை அறுக்கிறான். அவள் மேலே இருக்கும்போதே அறுத்த பாவி என்பேன் நான். அவளைக் காப்பாற்றத்தான் அறுத்தான் என்பான் ஆரோக்கியசாமி. அவனுக்கும் எழுத்து தெரியாது. கோயில் வாத்தியார் படித்துச் சொல்லக் கேட்டவன். புத்தகம் அந்த வருட மழையிலேயே போய்விட்டது. சண்டை ஐம்பது வருடமாக நடக்கிறது.

"நான் கண்ணால பாத்தவன்டா, நீ காதால கேட்டவன்" என்றேன், ஆரோக்கியசாமியிடம் மருமகளின் போனைக் காட்டி.

"அப்பப் போயிப் பாத்துப்போடலாம். தோத்தவன் மீசையை எடுத்துப்போடோணும்."

சரி என்றுவிட்டேன். என் மீசை காதைத் தொடும். அவனுடையது தேய்ந்த பல்துலக்கி மாதிரி இருக்கும். பேசும்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

காலை 6.40க்குப் பஸ். பல்லடம் வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர், ஆளுக்கு 70 ரூபாய். வலப்பக்கம் உட்காராதீர்கள், பல்லடம் வரை வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும். 9.15க்குச் சிங்காநல்லூர். டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய், அங்கிருந்து ஆட்டோ, 100 ரூபாய்.

"ஏனுங்கய்யா, பேரனுக்குப் பொஸ்தகம் வாங்கப் போறீங்களாட்ட?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லீங்க தம்பி, இவனோட மீசையை எடுக்கப் போறமுங்க" என்றான் ஆரோக்கியசாமி.

"அதுக்கெதுக்குங்க கணபதி? தாராபுரத்துல கடையே இல்லீங்களா?"

லேத் பட்டறைகள் இருக்கும் சந்தில், மாடியில் ஒரு கூடம். நுழைவு இலவசம். பழைய புத்தகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. சுவர் முழுக்க இப்போதைய பிள்ளைகள் வரைந்த கதைகள். தறி ஓட்டும் ஒரு பெண்ணின் ஒருநாள் கதை அதில் அருமை, ஒரு எழுத்துகூட இல்லாமல் எனக்குப் புரிந்தது. கண்காட்சி நடத்தும் மாலதி, தானும் படம் வரைபவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வெளியே எடுத்தார்.

பக்கத்தில் ஆறு கட்டம், வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை. நான் விரல் வைத்துச் சொன்னேன். "இவ ஓடியாறா. இவன் அறுக்கறான். பாலம் ஆத்துல உழுவுது. அப்பறம் இந்தப் பக்கம் பாருங்க, பாறையப் புடிச்சு மேல ஏறிட்டா. விரலை நீட்டி அவனைத் திட்டறா. அவனைக் குதிரைல ஏத்திப் போலீஸ் டேசனுக்குக் கொண்டுபோறா."

"ஏனுங்கய்யா, விரல் கீழ கீழ போகுதுங்க?"

"மேல இருந்து கீழதானுங்க அம்மணி போகோணும்?"

"பக்கவாட்டுல போகோணுமுங்க."

அவர் விரல் போன வழியில், அவள் ஓடிவந்து முதலில் பாறையில் ஏறிவிடுகிறாள். பிறகுதான் அவன் கத்தியை வைக்கிறான். அவள் விரல் நீட்டுவது பின்னால் துரத்தி வருபவர்களைக் காட்டி. "சீக்கிரம் அறு, திருடர்கள் வந்துவிட்டார்கள்!" என்று படித்தார் மாலதி. அதன்பிறகே பாலம் விழுகிறது. கடைசியில் இருவரும் குதிரையேறித் தப்பிக்கிறார்கள். ஐம்பது வருடமாக ஒரு நல்லவனைத் திட்டியிருக்கிறேன்!

"கடிவாளம் அவ கைலதான இருக்குது?" என்றேன், விடாமல்.

மாலதி குனிந்து பார்த்தார். "அட, ஆமாங்க! இதை நான் கவனிச்சதே இல்லீங்க."

இருந்தாலும் தோல்வி தோல்விதான். பக்கத்து சலூனில் மீசை போயிற்று, 60 ரூபாய். உதட்டில் காற்றுப் பட்டது விநோதமாக இருந்தது.

மதியம் 2.30க்குத் திரும்பும் பஸ். சூலூர் தாண்டும் வரை ஆரோக்கியசாமி என் முகத்தையே பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான், "ஏண்டா, டேசனுக்குக் கொண்டுபோறான்னு சொன்னியே, அது எப்பருந்து உன்ற கதைல இருக்குது?"

"மொதல்லருந்தேதான்டா."

"நீ கவுறு அறுக்கறதுக்கு வந்ததுமே நான் சண்டைக்கு வந்துருவேன். முடிவைக் கேட்டதே இல்ல. டேசன்ல என்னாச்சு?"

புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. இருந்தாலும் பல்லடம் வருவதற்குள் சொல்லி முடித்தேன். ஒரு இடத்திலும் அவன் குறுக்கே பேசவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் கூட்டமாம். தண்ணீர் கொண்டுபோங்கள். படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கட்டங்களை முதலில் பக்கவாட்டில் பாருங்கள், அதுதான் முறை. அப்புறம் நேரமிருந்தால் ஒருமுறை மேலிருந்து கீழேயும் போய்ப் பாருங்கள்.