இருபதடித் தாளும் என் மச்சானும்

கம்ப்யூட்டர் அறையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு ஒன்று பேச்சு மறந்துபோகும், இல்லையென்றால் பிரின்டர் சத்தத்தோடு போட்டி போட்டுப் போட்டு தொண்டை முரசாகிவிடும். எனக்கு இரண்டாவது. உங்களில் யாரையாவது திடீரென்று மேடையேற்றி "பேசு" என்று விட்டிருந்தால், கிட்டே வாருங்கள், நாம் உறவுக்காரர்கள்.

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோன நான் அங்கே ஆபரேட்டர். துளை போட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாக மெஷினுக்கு ஊட்டுவது வேலை. தூக்கமும் வராமல், மனசும் நிலைகொள்ளாமல், அலமாரியில் கிடந்த தடித்த கையேட்டைப் படித்துப் படித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். முதலில் எழுதியது ஓவர்டைம் கணக்கு. அதன் பதினொரு விதிகளையும் எனக்குச் சொன்னவர் என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அருளப்பன். அதே தொழிற்சாலையில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. டைம் ஆபீஸில் ஆள் குறைப்பு என்று பேச்சும் கிளம்பியது. மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்.

பஸ்ஸில் விரிந்தது

ஊரிலுள்ள கம்ப்யூட்டர்க்காரர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு வேலையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த மாதம் எங்கள் மானேஜர் முறை. புரோகிராமில் ஒரு வரியும் தெரியாத அவர், எழுதினவனே பேசட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார். அங்கே கரும்பலகை இருக்குமோ இருக்காதோ! மடிப்பு மடிப்பாக வரும் பிரின்டர் பேப்பரைக் கிழிக்காமல், இருபதடி நீளத்துக்கு அந்தப் பதினொரு விதிகளையும் படமாக வரைந்தேன். கயிறு கட்டி மாட்ட ஸ்டெல்லாவின் துணிக் கிளிப்புகள் ஒரு டஜன்.

தொழிற்சாலையிலிருந்தே நேராகக் கிளம்பினேன். தண்டையார்பேட்டையில் பாரிமுனை பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் கட்டு அவிழ்ந்தது. தாள் மூன்று சீட்டைத் தாண்டி ஓடி ஒரு மீன்கார அம்மாவின் கூடையில் போய் உட்கார்ந்தது. கண்டக்டர் அந்த முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னா மாமு, ஜாதகமா? இத்தினி நீளத்துக்கு வானத்துல கிரகமே கெடையாது நைனா!"

முதல் வரிசை

ஏ.சி. ஹால். ஐம்பது பேர், எல்லாரும் பெரிய படிப்பு. லேசான மீன் வாசனையோடு என் படம் கயிற்றில் ஆடியது. வாயைத் திறந்தேன். பிரின்டருக்குப் பக்கத்தில் பத்து வருஷம் கத்திப் பழகிய குரல். முதல் வரிசையில் ஒருவர் கையிலிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்கோ கால் தரையில் படவில்லை. விதி ஒன்று, விதி இரண்டு என்று பதினொன்றையும் முழங்கித் தள்ளினேன். கைதட்டினார்கள்! எனக்கு!

"இத்தனை விதிகளை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். கைதட்டல் தலைக்கேறியிருந்தது. "நானேதான், ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து யோசிச்சேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அதன் பிறகு ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள், இன்னும் இரண்டு கம்பெனிகளில் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதையே சொன்னேன். முதல் நாள் ஹாலிலிருந்து இறங்கும்போது ஒரு வயதான பேராசிரியர் மட்டும் என் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: "பிரமாதம் தம்பி. அடுத்த தடவை ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நாங்க இதே ரூம்லதான் இருக்கோம்."

போட்டோ

தொழிற்சாலை மாத இதழில் என் போட்டோ வந்தது. கீழே, "ராத்திரி ராத்திரியாக யோசித்தவர்." நான் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினேன். ஸ்டெல்லா ஒட்டாத முகத்தோடு பார்த்தாள். அந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "ஊரெல்லாம் மேட போட்டுப் பேசிகினு கீறாரே உன் வூட்டுக்காரரு, நம்ம கேட்டாண்ட வந்து அதே பொய்ய என் மூஞ்சிய பாத்து சொல்லச் சொல்லு."

கேட் மீட்டிங்

யூனியன் செயலாளரே கூப்பிட்டார். பகல் ஷிப்ட் மாறும் நேரம், கேட்டுக்கு வெளியே, ஒரு முக்காலி. இரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒருவரும் நிற்க மாட்டார்கள். மெஷின் யார் வேலையைத் தின்னும் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

தாளை மாட்டினேன். எண்ணூர்க் கடற்காற்று ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கிச் செயலாளரைத் தலைமுதல் கால்வரை சுற்றிக் கட்டியது. கூட்டம் விசிலடித்தது. லாரிகளின் ஹாரனுக்கு நடுவே கத்தினேன். என் மேடை வாழ்க்கையில் அங்கே மட்டும்தான், "கேக்கல வாத்யாரே, இன்னும் சத்தமா!" என்றார்கள். கடைசி வரிசையில், சைக்கிளைப் பிடித்தபடி மச்சான்.

படம் இல்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றோடு போயிற்று. "யார் வேலை போகும்னு எனக்குத் தெரியாது. என் கையில இல்ல. ஆனா ஒண்ணு தெரியும். அந்தப் பதினொரு விதியும் என்னுது இல்ல. அதோ நிக்கிற அருளப்பன் மச்சான் சொன்னது. நானே யோசிச்சேன்னு போன எடமெல்லாம் பொய் சொன்னேன். அவரு இல்லேன்னா மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முக்காலிவரைக்கும் வந்தார். தலைக்கு மேல் சங்கு ஊதியது. அது ஓயும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாலாவது விதிய தப்பா கூவிகினு கீற மாப்ள. அரை நாள் லீவு போட்டவனுக்கு அது வேற. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரேன், சங்கரா வாங்கி வெக்கச் சொல்லு."

அதன் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், கத்துவதை மட்டும் விட முடியவில்லை. யாராவது காதைப் பொத்தினால், முதல் வரிசையில் உட்கார்ந்து என் விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் மச்சானுக்குக் காது மந்தம் என்று சமாளித்துக்கொள்கிறேன்.