சுபேதார் சூசைக்குக் கயிறு பிடித்தவர்கள்: புன்னைக்காயல் போய் வந்த கதை

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வீடு திரும்பிய கையோடு, 1946 தை மாதத்தில், மதுரையிலிருந்து புன்னைக்காயலுக்கு ஒரு பயணம் போய் வந்தேன். கடற்காற்று வாங்கப் போகவில்லை. எங்கள் பட்டாளப் பள்ளியின் தலைவர் சுபேதார் சூசை வடக்கே இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கேயே அடக்கமும் நடந்தது. ரயிலில் இடமே கிடைக்காத அந்த நாளில் ஊரிலிருந்து யாராலும் வர முடியவில்லை. அவரைத் தாய் மாதிரி வளர்த்த அக்கா மட்டும் ஊரில் இருந்தார். அடக்கத்தில் கூட இருந்த ஒருவன் நேரில் வந்து தன் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய நாலு பேரில் தமிழன் நான் ஒருவன்தான். தப்பிக்க வழியில்லை.

காலை வண்டியில் ஏறி, மணியாச்சியில் மாறி, மத்தியானம் தூத்துக்குடியில் இறங்கினேன். உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். என் தகரப்பெட்டிதான் எனக்கு ஆசனம், மணியாச்சிக்குப் பிறகு அதிலும் பாதியை ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். தூத்துக்குடியில் உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும். துறைமுகத்தில் கொழும்புக்குப் போகும் தோணிகளில் மூட்டை ஏற்றுவதை ஒரு காப்பி குடிக்கும் நேரம் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க மனசு ஓடவில்லை.

ஆத்தூருக்குக் கரி பஸ். பதினாறு மைல் இருக்கும், இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரியைப் புகையவிட்டு ஓட்டுகிறார்கள். மணல் கண்ட இடத்திலெல்லாம் அது மூச்சுவிட்டு நின்றுவிடும். டிக்கெட் வாங்கிய குற்றத்துக்காக மூன்று தடவை இறங்கித் தள்ளினேன். ஆத்தூர் வந்ததும் வெற்றிலைக் கூடைகள் ஏறுவதற்காக மனிதர்களை அவசரமாக இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கடற்கரைக்கு மாட்டுவண்டி. வண்டிக்காரர் எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு இறங்கினார்.

ஆள் பேச்சுக்காரர். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சூசையின் அக்கா வீட்டுக்கு என்றேன். முத்துக் குளிக்கும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவருடைய மகள்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா இன்னும் தம்பிக்கு வருசப் பூச வைக்கலைய்யா. சாமியாரு வந்து சொல்லியும் கேக்க மாட்டேங்காவ. தம்பிக்குக் கயிறு பிடிச்சது யாருன்னு தெரிஞ்சாத்தான் வைப்பேன்னு நிக்காவ."

நாங்கள் நாலு பேரும் வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று பேசிவைத்திருந்த விஷயமே அந்தக் கயிறுதான்.

நாங்கள் படித்தது பாலம் கட்டும் பட்டாளத்தின் பள்ளி. பாறையிலும் கிணற்றிலும் கயிறு கட்டி இறங்கும் வித்தையைச் சுபேதார் தாமே கற்றுக்கொடுத்தார். கீழே இறங்குபவன் கயிற்றை இரண்டு முறை இழுத்துக் காட்டும்வரை மேலே நிற்பவன் பிடியை விடக்கூடாது. எந்த அதிகாரி சொன்னாலும் விடக்கூடாது. எங்களைச் சோதிக்க அவரே பின்னால் வந்து "விடு!" என்று கத்துவார். விட்டவன் அன்றைக்குத் தொலைந்தான். விடாதவனுக்கு ராத்திரி தன் பங்கு இறைச்சியை எடுத்துவைப்பார். அப்படிப்பட்ட மனிதர். அவர்மேல் எங்களுக்கு உயிர்.

அடக்கத்தன்று பெட்டி குழியின் அடியில் உட்கார்ந்தது. கயிற்றை விடுங்கள் என்று கர்னல் உத்தரவிட்டார். எனக்கு எதிரே நின்ற பஞ்சாபி குர்தயாள் விடவில்லை. அவனைப் பார்த்து மராட்டியன் விடவில்லை, மலையாளி விடவில்லை. என் கையும் திறக்கவில்லை. கர்னல் மறுபடி கத்தினார். பாதிரியார் இருமினார். கடைசியில் வேறு சிப்பாய்கள் வந்து எங்கள் விரல்களைப் பிரித்து, கயிற்றையும் உள்ளேயே தள்ளி மூடினார்கள். ஒரு நல்ல மனிதரின் அடக்கத்தைக் கூத்தாக்கிவிட்டீர்கள் என்று அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இதைப் போய் அவருடைய அக்காவிடம் எப்படிச் சொல்வது?

வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. அந்த அம்மாள் வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார், பிறகு தம்பிக்குக் கயிறு பிடித்தது யார் என்று கேட்டார்.

கேட்பதற்குக் காரணத்தையும் சொன்னார். முத்துக் குளிக்க இறங்குபவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எந்த மச்சானும் கயிற்றை விடமாட்டான் அல்லவா. சூசைக்கு மனைவியும் இல்லை, மச்சானும் இல்லை.

"எவனோ கூலிக்கு வந்தவன் எந்தம்பிய இறக்கிப்போட்டுட்டு, கயிற விட்டுட்டுப் போயிருப்பானோன்னு எனக்குத் தூக்கமே இல்லைய்யா."

பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கர்னல் திட்டியதையும் விடவில்லை. அவர் என் கைகளைப் பார்த்தார்.

"விடச் சொன்ன பொறவுமா விடல?"

"அவர் கீழேயிருந்து இழுக்கலையேம்மா. எப்படி விடறது?"

அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். அழுகை நடுவிலேயே சிரிப்பும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சாமியாரிடம் போனார். மறுநாள் விடிகாலையில் பூசை நடந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் எனக்கும் இறங்கிவிட்டது. அன்று அந்த வீட்டில் நான் சாப்பிட்ட மீன்குழம்புக்குக் கணக்கில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: தூத்துக்குடியிலிருந்து மத்தியான பஸ்ஸை விட்டால் ஆத்தூரில் இரவு தங்கத்தான் வேண்டும். புன்னைக்காயலில் சத்திரம் கிடையாது, ஆனால் வீடுகள் உண்டு. இறந்தவரைப் பற்றி அவர் வீட்டாரிடம் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால், நன்றாக இல்லையே என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். எது ஆறுதல் தரும் என்பது நமக்குத் தெரியாது.

கிளம்பும்போது அந்த அம்மாள் ஓலைப்பெட்டிகளில் கருவாடு கட்டி என்னிடம் கொடுத்தார். நாலு பெட்டி. இந்த நாற்றத்தோடு ரயிலில் என்னை ஏற்றமாட்டார்கள், ஒன்று போதும் என்று மன்றாடினேன். அவர் அசையவில்லை. பஞ்சாபிக்குத் தபாலிலாவது போய்ச் சேரவேண்டும் என்றார்.

"குளிச்சு எடுத்ததுல கயிறு பிடிச்சவனுக்கு ஒரு பங்கு உண்டுய்யா. அதக் குடுக்காம எந்தம்பி யாரையும் அனுப்ப மாட்டான்."