மச்சான் தலையை நேர்ந்துவிட்டது

அந்தமான் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், நடுவில் அரைக்கால் டவுசரோடு அவர்கள் தொப்பை. இதற்கு விமானம் வேறு. மணலும் வெயிலும் திண்டுக்கல்லில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊரில் பிறந்துவிட்டு, வாயில் வைக்க முடியாத தண்ணீரைப் பார்க்க அவ்வளவு தூரம் போவது அவமானம் என்பது என் கட்சி.

ஆனாலும் போனேன். மனைவி கேட்டுவிட்டாள். கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் நான் அவளைக் கூட்டிப்போன வெளியூரெல்லாம் ஒன்று விசேஷ வீடு, இல்லையென்றால் துக்க வீடு. "கடலு, படகு, குகை, மூணையும் பாத்துட்டு வரணும்" என்றாள். என்னை மட்டும் நம்பாமல் தன் அண்ணனையும் சேர்த்துக்கொண்டாள்.

மச்சானுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். நான் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரன். காலையில் மல்லிகை ஏலம் விடுவேன். மிச்ச நேரமெல்லாம் அடுத்தவனைக் கேலி செய்வேன். தை மாதம் ஒட்டன்சத்திரம் ரோட்டில் அவர் நடந்துகொண்டிருக்கும்போது பைக்கைப் பக்கத்தில் மெதுவாக உருட்டி, "மச்சான், பஸ்ஸுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாம், கேள்விப்பட்டீங்களா?" என்பேன்.

"கேள்விப்பட்டேன் மாப்ள. ஒன்ன மாதிரி ஆளு அதுல ஏறுவான்னுதான் நடந்து போறேன்" என்பார்.

அவர் தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. இடது காதோரம் வளர்த்து, வலது காது வரை இழுத்துப் படிய வைத்த முப்பது நாற்பது இழைகள். அவ்வளவுதான் இருப்பு. ஆவணியில் மகனுக்குக் கல்யாணம், மேடையில் நிற்க வேண்டும் என்று அந்த இழைகளை ஆறு மாதமாக நாற்றுப் போலப் பராமரித்துவந்தார். என் தலையோ ஐம்பத்திரண்டு வயதிலும் கருவேலங்காடு. அதைக் கோதிக்கொண்டே அவரிடம், "மச்சான், ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கவா?" என்று கேட்பது என் வாடிக்கை.

முதல் இரண்டு நாள் கடற்கரை. மச்சான் தோப்புக் கிணற்றில் நீந்திப் பழகியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மனைவி முழங்கால் அளவுக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கரையில் எங்கள் மூன்று ஜோடிச் செருப்புக்குக் காவல். நீச்சல் தெரியாது என்று சொல்வானேன்? "உப்புத் தண்ணி தோலுக்கு ஆகாது" என்றேன்.

மூன்றாம் நாள் குகை. அதற்குக் கடற்கழி வழியாகப் படகில் போக வேண்டும். படகோட்டி தமிழ்க்காரர், தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைச் சட்டை கொடுத்தார். மற்ற இருவரும் மாட்டிக்கொண்டார்கள். என்னுடையதில் பழைய வேர்வை நாற்றம். "இதப் போடுறதுக்குத் தண்ணியிலயே போயிரலாம்" என்று சொல்லி முதுகுக்குத் திண்டாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேற்றுக்கு மேலே கால் கிளப்பி நின்றது. ஒரு திருப்பத்தில் முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. எங்கள் தெருவில் 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டிய எந்த வீட்டிலும் நாய் இருந்ததில்லை. அந்த அனுபவத்தில் சிரித்தேன்.

அப்போதுதான் மோட்டார் நின்றது.

"மோட்டார் விசிறியில என்னமோ சுத்திக்கிச்சு சார். அசையாம இருங்க" என்று படகோட்டி பின்பக்கம் குனிந்தார். படகு ஒருபக்கம் சாய்ந்தது. பத்தடி தள்ளி ஒரு கட்டை மிதந்தது. அந்தக் கட்டை என்னைப் பார்த்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மிதவைச் சட்டையை எடுத்துத் தலைகீழாக மாட்டினேன். கை நுழைய வேண்டிய இடத்தில் கழுத்து மாட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் பழனி முருகனைக் கூப்பிட்டேன். நாத்திகன் என்று சொல்லிக்கொள்பவன் இல்லை நான், பஞ்சாமிர்தத்தை வேண்டாமென்றதில்லை. ஆனால் அதற்கு முன் அவரை நேரில் கூப்பிட்ட பழக்கமில்லை.

"முருகா, நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கிறேன்" என்று கத்தினேன். படகு நேராகவில்லை. "தைப்பூசத்துக்கு மச்சான் கூட நடந்தே வாரேன்." படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. "முருகா, எங்க மச்சானுக்கு மொட்ட போட்டு விடுறேன்."

முப்பது வருடம் ஏலம் விட்டவன். எதிரே கேட்க ஆளில்லாதபோது விலையை ஏற்றுகிறவன் மடையன் என்று ஊருக்கே பாடம் சொன்னவன். அன்றைக்கு நானே கேட்டு நானே ஏற்றினேன். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். தேங்காய் மச்சான் தோப்பில் காய்ப்பது. நடைக்கு வழித்துணை மச்சான். முடியும் மச்சானுடையது. முழு ஏலத்தில் என் கையிருப்பு ஒன்றுகூட இல்லை.

படகோட்டி ஒரு கிழிந்த வலைத்துண்டைப் பிடுங்கி எடுத்தார். பிறகு துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் குத்திக் காட்டினார். "இங்க இடுப்பளவுதான் சார்."

கட்டை கட்டையாகவே மிதந்து போனது. மோட்டார் ஓடியது. கரை சேர்ந்தோம். மிதவைச் சட்டையைக் கழற்றிவிட மனைவிதான் உதவினாள். என் காது கொஞ்சம் பிய்ந்தது.

குகைக்குள் வழிகாட்டி டார்ச் அடித்து, சுண்ணாம்புப் பாறையில் யானை, பிள்ளையார், தாமரை என்று காட்டிக்கொண்டு போனார். டார்ச்சை இன்னும் கொஞ்சம் திருப்பினால் வடமதுரை பஸ் ஸ்டாண்டுகூடத் தெரியும். எனக்கு எதைப் பார்த்தாலும் மொட்டைத் தலையாகத் தெரிந்தது. மேலிருந்து சொட்டும் நீர் மச்சானின் அந்த இழைகளில் விழ, அவர் மெதுவாக ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"மச்சான், அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னது" என்றேன்.

"வெளாட்டுக்கா? நீ கத்துன கத்துக்கு அம்புட்டுக் கொக்கும் பறந்துச்சே மாப்ள."

"அந்தமான்ல சொன்னது பழனிக்குக் கேட்டிருக்காது."

"ஒனக்குக் கேட்டுச்சுல்ல. சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். போய் எறக்கிருவோம்."

"ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிட்டா?"

"கல்யாணம் மகனுக்குத்தான மாப்ள" என்றார். குரல் அவ்வளவு தெம்பாக இல்லை.

மனைவி பின்னால் நடந்துவந்தாள். "இத்தன வருசத்துல எனக்குன்னு ஒண்ணும் நேந்துக்கலையேன்னு வருத்தப்பட்டிருக்கேன். நல்லவேள" என்றாள். கொஞ்ச தூரம் போய், "உங்க தலையில இம்புட்டு இருக்கு. அது அப்ப ஞாபகத்துக்கு வரலையாக்கும்" என்றாள். குகையில் அது இரண்டு முறை கேட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு வாரம் சாக்குச் சொல்லித் தள்ளினேன். மழை, முகூர்த்த சீசன், முதுகுவலி. ஒரு வெள்ளிக்கிழமை காலை மச்சான் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து வாசலில் நின்றார். காலடியில் சாக்கு நிறையத் தேங்காய். எண்ணிக் கொண்டுவந்திருந்தார்.

மூன்று பேருமாகப் பழனிக்குப் போனோம். அடிவாரத்தில் முடி எடுக்கும் மண்டபத்தில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டையை என்னிடம் கொடுத்தார். முடி எடுப்பவர் தலையை நனைத்து, அந்த இழைகளைத் தூக்கிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குங்களா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். மச்சானும் சிரித்துவைத்தார். இந்த மாதிரி வசனத்தை இருபத்தைந்து வருடமாக நான்தான் சொல்லிவந்தேன். இன்னொருவர் வாயில் கேட்டபோது கேவலமாக இருந்தது.

நாலு இழுப்பில் வேலை முடிந்துவிட்டது. மச்சான் வெறும் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்தது நீங்களுங்களா?" என்றார் முடி எடுப்பவர்.

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனின் துண்டை உதறிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

உட்கார்ந்தேன். பக்தியெல்லாம் இல்லை. அந்த மண்டபத்தில் முடியோடு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கத்தியை முன்நெற்றியில் வைத்ததும் படகில் கத்தியதைப் போலவே ஒரு கத்தல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மடியில் விழுந்த கொத்துகளில் நுனிதான் கறுப்பு. அடியெல்லாம் சுத்த வெள்ளை. பத்து வருடமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பூசிய மை.

மச்சான் குனிந்து ஒரு கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடக் கேலிக் கடனையும் ஒரே வார்த்தையில் அடைத்திருக்கலாம். கொத்தைக் கீழே போட்டார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் தலையில் பூச ஆரம்பித்தார்.

"செத்த நேரம் ஆடாம இரு மாப்ள" என்றார். "இங்க தண்ணி இல்ல."