முதல் பந்தியில் என் மகளுக்கு இலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் தாங்களாகவே வளர்ந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். கடைசிப் பெண்ணைச் சாவிடமிருந்து பிடுங்கித்தான் வளர்த்தேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப்பெயர் பார்க்கவும் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்தவன் மகள் எழுதுகிறாள். அவளாக எதையும் சேர்க்கக் கூடாது, யாருக்காகவும் எதையும் குறைக்கவும் கூடாது.

திருச்சுழியில் எங்களுக்கு வத்தல், பருப்பு வியாபாரம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடைசிப் பெண் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா அந்த டவுனில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகனுக்கே என் பெண்ணைக் கொடுப்பதாகச் சிறு வயதிலேயே பேச்சு. நேரில் நான் அவளை மதினி என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசுவேன். இங்கே அந்த மரியாதைக்கு வேலையில்லை.

ஒரு காதுகுத்து வீட்டில் என் பெண் இரண்டாவது முறை பாயசம் வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டாள் அந்த மகராசி.

"என்னத்தா, காலேஜுல பாடம் சொல்லித் தாராகளா, இல்ல பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைக்கிறாகளா?"

பந்தியே சிரித்தது. என் பெண்ணும் சிரித்தாள். அத்தோடு விட்டாளா? கை கழுவுகிற இடத்துக்கும் பின்னாலேயே வந்தாள்.

"சோத்தக் கொறச்சுட்டுக் கொள்ளுத்தண்ணி குடி தாயி. சாப்பிட்ட பெறகு தண்ணி குடிக்காத, ஊதிரும். எம்மகன் ஒல்லியாத்தான் கேக்குறான்."

அவள் மகன் எப்படி இருப்பான் என்று நான் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார முடியாது.

அன்றிலிருந்து என் பெண் மாறினாள். முதலில் சோறு குறைந்தது, பிறகு எண்ணெய் நின்றது, பிறகு தேங்காயைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்த மாதிரி விலகினாள். கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி ஏறி நின்றாள். தராசு சரியாக இருக்கிறதா என்று மகள் பார்க்கிறாள், வியாபாரம் பழகுகிறாள் என்று அவள் அப்பாவுக்குப் பெருமை. அவருடைய கூறு அவ்வளவுதான்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. தீச்சட்டி எடுக்கிறேன் என்று கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு. பொங்கல் முடிந்து எல்லாரும் காப்பை அவிழ்த்தார்கள். இவள் அவிழ்க்கவில்லை. கல்யாணம் முடிகிறவரைக்கும் விரதம் என்று சொல்லிவிட்டாள். காப்புக் கட்டினவளை அதட்டிச் சாப்பிடச் சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் வாய் வராது. தெருவே அவள் பக்தியை மெச்சியது. நாத்தனாருக்கு வாயெல்லாம் பல்.

"இப்பத்தான் எங்க வீட்டு மருமக மாதிரி இருக்கா. இப்படியே இருக்கட்டும்."

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒருத்தி வந்தாள். மனசைப் பற்றிப் படிக்கிற படிப்பாம். பெண்பிள்ளைகள் எதைத் தின்றால் குண்டாகும் என்று நம்புகிறார்கள், ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்று காலேஜ் காலேஜாகக் கேட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். என் பெண்ணைக் காலேஜில் பார்த்துவிட்டு வீடு தேடி வந்துவிட்டாள். வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

"அம்மா, ஒங்க பொண்ணு விரதம் இருக்கல. அவளுக்குச் சோத்தப் பாத்தாப் பயம். மனசு சம்பந்தப்பட்ட நோய் இது. டாக்டர்கிட்டக் காட்டணும்."

"எம்மகளுக்குக் கிறுக்குன்னு சொல்ல மதுரையில இருந்து பஸ்ஸேறி வந்தீகளாக்கும்?"

"கிறுக்குன்னு சொல்லலம்மா. அவ சாப்பிடுறத நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் வீட்டில் கடையிலிருந்து ஆம்பளைகள் வந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவோம். அதுவும் சேர்ந்து உட்கார்ந்தா? ஆளுக்கொரு நேரம், அடுப்படியில், சட்டியில் இருக்கிறதை வைத்து. அவள் தின்றாளா இல்லையா என்று யார் பார்த்தது? ஊரில் எந்த வீட்டில் பார்த்தார்கள்?

"ஒங்க படிப்ப ஒங்க ஊர்ல வச்சுக்கங்க," என்று கதவைச் சாத்தினேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்தாலும் கொடுக்க மாட்டேன். என் பிள்ளையின் பசியை எழுதிப் பட்டம் வாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை வந்ததும் பெண்ணை விடாப்பிடியாக இழுத்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தேன். முதுகில் கையை வைத்தால் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. தலைமுடி கையோடு வந்தது. கன்னத்தில் பூனை முடி முளைத்திருந்தது. தீட்டு நின்று எத்தனையோ மாதம் ஆகிறது என்று அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை மதுரைக்குக் கூட்டிப்போனேன். இப்படியே போனால் பிள்ளை உயிர் தங்காது என்று டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். மருந்து கொஞ்சம்தான் கொடுத்தார். "கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. தின்னு தின்னுன்னு சொல்லாதீங்க. ஒடம்பப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யாரும் பேசக் கூடாதாம். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே கல்யாணத் தேதி குறிக்க நாத்தனார் தன் ஆட்களோடு வந்து இறங்கினாள். கறிச்சோறு ஆக்கியிருந்தேன். கூடத்தில் ஆம்பளைகளுக்கு இலை போட்டேன். அதே வரிசையில் என் மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெண்ணின் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்த்து, உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் முறைத்தார். "என்னடி இது?"

நாத்தனார் சிரித்தாள். "கல்யாணப் பொண்ணு மொதப் பந்தியிலயா? பழையபடி உரலாட்டம் ஆயிருவா. எம்மகன் வேண்டாம்னுருவான் பாத்துக்க."

"வேண்டாம்னே சொல்லச் சொல்லுங்க மதினி. ஒங்க மகனுக்கு ஒல்லியா வேணும்னா வெளக்குமாத்துக்குத் தாலி கட்டச் சொல்லுங்க. எம்மகள நான் தர்றதா இல்ல."

"ஏலே தம்பி, ஒம்பொண்டாட்டி பேசுறதக் கேட்டியா?"

"அவரு கேக்கட்டும். நீங்களும் நல்லாக் கேட்டுக்கங்க. எம்பிள்ள தின்னுறதப் பாக்க மாட்டாதவுக எங்க வீட்டு எலையில கை வைக்க வேண்டாம்."

அவள் எழுந்தாள். அவளோடு வந்தவர்களும் எழுந்தார்கள். இலையில் வைத்த கறி அப்படியே கிடந்தது. வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அக்கா போனதில் என் வீட்டுக்காரர் நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், கடைக்காரருக்குப் பேச ஆயிரம் பேர் வருவார்கள்.

அன்றைக்கு என் பெண் அழுதுகொண்டே ஒரு உருண்டைச் சோறு தின்றாள். நான் அவள் இலையைப் பார்க்காமல் என்னுடையதைத் தின்றேன். ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வருஷக்கணக்காக மூன்று வேளையும் அப்படித்தான் உட்கார்ந்தோம். சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவாள். சில நாள், "எனக்கு எம்மேல பயமா இருக்கும்மா" என்பாள். ஆம்பளைகள் தங்களுக்குத் தாங்களே சோறு போட்டுச் சாப்பிடப் பழகினார்கள். அதனால் யாருக்கும் கை ஒடியவில்லை.

இப்போது அவள் வேறு ஊரில், வேறு வீட்டில், உயிரோடு இருக்கிறாள். நாத்தனார் போன பொங்கலுக்குக்கூட ஆள் அனுப்பினாள், பழசை மறந்துவிடலாமாம். நான் மறக்கிறவள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

போதும். எங்கே, நீ எழுதினதை முதலிலிருந்து வாசி பார்ப்போம். நாத்தனாரைப் பற்றி வருகிற இடத்தில் குரலைக் குறைக்காதே.