ஸ்டெல்லா டீச்சர் தேடிய பச்சை அட்டைப் புத்தகம்

செய்தி வந்தபோது நான் ஹட்டன் பஜாரில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா டீச்சரின் தங்கை ரீட்டா போன் எடுத்து, "டீச்சர், அக்கா போயிட்டாங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி ரீட்டா, சாயங்காலம் வர்றேன்னு அக்காகிட்ட சொல்லுங்க." அந்தப் பக்கம் ரீட்டா விம்மத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தக்காளிப் பையைத் தட்டிலேயே போட்டுவிட்டு அவர்கள் வீடு இருக்கும் லிந்துலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலை வரைக்கும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

நோர்வூட்டைத் தாண்டியுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாங்கள் இருவரும் இருபத்திரண்டு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அவர் ஆங்கிலம், நான் கணக்கு. என் பெயர் சொல்லி அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, "கணக்கு டீச்சர்" என்றுதான் அழைப்பார். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் எங்களிடம் படித்தவர்கள். மீதிப் பேருக்கு, எங்கும் கிடைக்காத ஏதோ ஒரு பழைய புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தவர் ஸ்டெல்லா. ஆனால் அவர் தனக்காகத் தேடிய புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் வெகு சிலர்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் புத்தகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. எழுதிய துரையின் பெயரும் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அவருடைய தாய் ஞானம்மா பிரசவத்தில் இறந்துபோனார். ரீட்டா, அப்பாவின் இரண்டாம் தாரத்து மகள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஞானம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதற்கு முன் ஒரு நாள், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார். துரை தன் நாட்டுக்குத் திரும்பிப் போய் எழுதிய புத்தகத்தில் அந்தப் படம் வந்தது. தோட்டத்து ஆபீசுக்கு வந்த ஒரு பிரதியை அங்கிருந்த கிளாக்கர் ஸ்டெல்லாவின் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாராம். "பச்ச அட்ட. உள்ள ஒங்கம்மா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா." அப்பா சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. தோட்டம் கைமாறியபோது புத்தகமும் எங்கோ போய்விட்டது.

நான் பஜார் கடைக்காரர் வீட்டுப் பெண். என் அம்மாவின் கல்யாணப் படம், கதிர்காமம் போன படம் என்று எங்கள் வீட்டு அலமாரி நிறைய இருக்கும். ஆகவே முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. "இத்தன வருஷத்துக்குப் பெறகு மொகம் தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு. அவர் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதை நிறுத்தாமலே, "கண்ணாடியில பாக்குறப்ப யாரு மாதிரி இருக்கேன்னு தெரியணும்ல டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் ஆசிரியர் அறையின் மூலை ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா தேடுவார். பழைய புத்தகம் விற்கும் தளங்களில் நானெல்லாம் மேலே உள்ள பெட்டியில் இரண்டு வார்த்தை தட்டிவிட்டு, இல்லை என்று எழுந்துவிடுவேன். அவர் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விரிவான தேடலைத் திறப்பார். ஆசிரியர், தலைப்பு இரண்டையும் காலியாக விடுவார். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எல்லை கட்டுவார். புதிதாக அச்சடித்த மறுபதிப்புகளை விலக்கச் சொல்வார். இலங்கை என்று போடாமல் சிலோன் என்று போடுவார். விற்பவர் எழுதிய விவரக் குறிப்புக்குள் தேயிலை, பச்சை, புகைப்படம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பார். வருவதை எல்லாம் கடைசி வரி வரை வாசிப்பார். "தலைப்பு பெரும பேசும் டீச்சர். புத்தகத்துக்குள்ள என்ன இருக்குன்னு குறிப்புலதான் தெரியும்" என்பார். பார்த்துக் கழித்தவற்றைக் கட்டம் போட்ட கொப்பியில் குறித்துவைப்பது என் வேலை. என்னால் முடிந்தது அதுதான்.

இந்தத் தேடலின் நடுவேதான் மற்றவர்களுக்கும் தேடிக் கொடுத்தார். ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தன் தகப்பனார் அச்சடித்துப் பங்கிட்ட பஜனைப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வந்தார். ஒரு பிரதிகூட வீட்டில் மிஞ்சவில்லையாம். ஸ்டெல்லா அதை அமெரிக்காவில் ஒரு கடையில் பிடித்தார். எப்படித் தேடினார் என்று நினைக்கிறீர்கள்? "எந்த மொழி என்று தெரியவில்லை" என்ற சொற்களைப் போட்டுத் தேடினார்! அந்தக் கடைக்காரர் அப்படியேதான் எழுதி, அட்டைப் படத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார். முதலாளி மொபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன். "நமக்குத் தெரிஞ்சத வச்சுத் தேடக்கூடாது டீச்சர். விக்கிறவருக்கு என்ன தெரியும்னு பாத்துத் தேடணும்" என்றார் ஸ்டெல்லா.

அப்படிச் சொன்னவரே தன் விஷயத்தில் அதைச் செய்ய மூன்று வருடம் எடுத்துக்கொண்டார். தொழிலாளி, கொழுந்து பறிக்கும் பெண், தமிழ்ப் பெண் என்று எத்தனை சொற்கள் போட்டுப் பார்த்தோம்! ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நாள் இடைவேளையில் அவர், வெள்ளைக்காரர்கள் தோட்டத்து ஆட்களை இழிவாக அழைத்த கூலி என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. "சீ, அதப் போடாதீங்க டீச்சர்" என்று கையைப் பிடித்தேன். "மரியாதையாத் தேடி மூணு வருஷம் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். திரை நிரம்பிவிட்டது. பக்கம் பக்கமாக வந்தது. படம், கடிதம், நாட்குறிப்பு, துரைமார் தமிழ் படிக்க அச்சடித்த கையேடு. ஸ்டெல்லா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். பிறகு, "எல்லாரும் இங்கதான் இருக்காங்க டீச்சர்" என்றார். அன்றைக்கு அவர் தேத்தண்ணி குடிக்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தச் சொல்லோடு தேடலைச் சேமித்துவைத்தார். புதிதாக ஏதாவது விற்பனைக்கு வந்தால் மின்னஞ்சல் வரும். அப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கழித்து, ஐந்தாம் வருடம் ஒன்று வந்தது. பச்சைத் துணி அட்டை, சொந்தச் செலவில் அச்சிட்டது, எட்டுப் புகைப்படங்கள். அதில் ஒன்று, கொழுந்து நிறுக்க வரும் கூலிப் பெண்கள். இங்கிலாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் இருந்த கடைக்காரருக்கு ஸ்டெல்லா எழுதினார். அந்தக் கிழவர் நல்ல மனுஷர். படத்தின் கீழே ஸ்டெல்லா பிறந்த தோட்டத்தின் பெயர் இருக்கிறது என்றும், தனக்குக் கை நடுங்குவதால் அதைப் படம் எடுத்து அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும் என்றும் பதில் போட்டார். கட்டாரில் வேலை செய்த ரீட்டாவின் கணவர் அங்கிருந்தபடியே அதை வாங்கி இங்கே அனுப்பச் செய்தார்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. பார்சல் பாடசாலைக்கே வந்தது. "நீங்க பிரிங்க டீச்சர், எனக்குக் கை ஓடல" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பிரித்தேன். படத்தையும் நானே முதலில் பார்த்தேன். கூடையோடு மூன்று பெண்கள் நின்றார்கள். அப்பா சொன்ன ஒரே அடையாளம் சிரிப்பு. மூன்று பேருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவதற்குள் நான் ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்து, "இதுதாங்க ஒங்கம்மா! நெத்தியப் பாருங்க, அப்படியே நீங்க!" என்று கத்தினேன். ஐயோ, ஒரு நிமிஷம் இந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? நினைவு தெரிந்ததிலிருந்து பார்க்காத முகம். அதைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் கொடுத்தேனா? "அப்படியா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நான் காது, தாடை என்று இன்னும் அளந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். ஸ்டெல்லாவின் அப்பா அப்போது இல்லை, ஆனால் ஞானம்மாவோடு கொழுந்து பறித்த இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், "இந்தா நடுவுல நிக்கிறாளே, இவதான் ஞானம்மா" என்றார். மற்றவர் பிடுங்கிப் பார்த்து, "அடி போடி, கண்ணு அவிஞ்சவளே! ஞானம்மா இந்தக் கடேசில நிக்கிறா" என்றார். இரண்டு பேருக்கும் கண்ணில் பூ விழுந்திருந்தது. சண்டை போட்டார்கள், பிறகு கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் காட்டிய பெண்ணை இருவருமே காட்டவில்லை. திரும்பி நடந்து வரும்போது ஸ்டெல்லா கோபம் இல்லாமல்தான் சொன்னார்: "நீங்க வெரல் வச்சிட்டீங்களா, இப்ப எனக்கு அந்த எடத்த விட்டுக் கண்ணு நகர மாட்டேங்குது டீச்சர்." கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அவர் மூன்று மெழுகுவர்த்தி கொளுத்தினார். "ஒருத்தர எடுத்தா ரெண்டு பேரத் தள்ளணும். அஞ்சு வருஷம் தேடினது தள்ளுறதுக்கா? மூணு பேரும் அம்மாவா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். படத்தை ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கி ஒன்றை மாட்டிக்கொண்டார். அந்த இரண்டு கிழவிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் வகுப்பு நேரசூசியைப் பற்றி ஏதாவது கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் லிந்துலையில் ரீட்டாவோடு இருந்தார். நோய் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களில் நான் வாரம் ஒரு தடவை போவேன். கடைசியாகப் போனபோதும் மொபைலில் தேடிக்கொண்டிருந்தார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். அதே பச்சை அட்டைப் புத்தகம்! அதன் வேறு பிரதிகளைத் தேடிக்கொண்டிருந்தார். விவரக் குறிப்புக்கான பெட்டியில், பென்சில் குறிப்புகளுடன் என்று போட்டிருந்தார். "யாராவது படத்துக்குக் கீழ பேர் எழுதி வச்சிருப்பாங்க டீச்சர். அந்தப் படம் எடுத்த வெள்ளைக்கார அம்மாகிட்ட ஒரு புத்தகம் இருந்திருக்கும்ல? என்னைக்காவது விக்க வரும்" என்றார். மூணு பேரும் இருக்கட்டும் என்று அவர் சொன்னது என் மனசு ஆறத்தான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோனது. அவருக்கு ஒருவர்தான் வேண்டும். கடைசி வரை அந்த ஒருவரைத்தான் தேடினார்.

லிந்துலையில் இறங்கி வீட்டுக்குள் போனபோது, ரீட்டா பிரேதப் பெட்டியின் தலைமாட்டில் அந்தப் பெரிய படத்தை வைத்திருந்தார். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நான் குனிந்து ஸ்டெல்லாவைப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் பார்த்த அந்த உருண்டை முகம் இல்லை. நோய் சதையையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. கன்னத்து எலும்பு மேலே ஏறி, மேலுதடு ஒரு பக்கம் இலேசாகத் தூக்கி நின்றது. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். படத்தில் அந்த முகம் நின்றது. எலும்பு அதுதான், உதடு அதுதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க டீச்சர்?" என்று ரீட்டா தோளைப் பிடித்தார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

எந்தப் பெண் என்று இங்கே எழுதமாட்டேன். லயத்தில் அந்த இரண்டு பேரின் சுவரிலும் இன்னும் படம் தொங்குகிறது. அதில் ஒருவரைப் பொய்யாக்க எனக்கு மனசில்லை. நான் விரல் வைத்த பெண் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ரீட்டா புத்தகத்தை எனக்குக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெண்ணின் முகம். அத்தனை வருடம் தேடியவர் அவர், கண்டது நான். இப்போது கூட்டத்தில் விட்டாலும் உங்கள் அம்மாவை எனக்குத் தெரியும் ஸ்டெல்லா. உங்களிடம் சொல்லத்தான் வழியில்லை.